எங்களுக்கு ஒரு 25 நிமிடம்

உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கு நேரசூசி தந்தார்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், பொது ஆங்கிலம் என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பக்கத்தில் இருந்த தோழி அதை மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் பார்த்துவிட்டு, "அப்ப பீ.ரீ. பாடம் எங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். ஏ.எல். படிக்க வந்த பிள்ளை மைதானத்தைக் கேட்கிறாளே என்ற சிரிப்பு அது.

அவள் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கு விளங்க ஒன்றரை வருடம் எடுத்தது.

ஒன்பதாம் தரம் வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எங்கள் எல்லோருக்கும் உண்டு. பத்தாம் தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடும். உயர்தரத்திலோ, ஏதாவது ஓர் அணியில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டி வரும் மாதத்தில் மட்டும் மைதானம் விழித்துக்கொள்ளும். அப்போதும் எங்களைத் தேடுவது இல்லம் சோடிக்கவும் சின்னப் பிள்ளைகளுக்கு அணிநடை பழக்கவும்தான். போட்டி முடிந்ததும் மைதானத்தில் மறுபடி மாடு மேயும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் எத்தனை மணித்தியாலம் கதிரையில் இருக்கிறேன் என்று கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கெடுத்தேன். பாடசாலை, வான், டியூட்டரி, பிறகு இரவு மேசை. 11½ மணித்தியாலம் வந்தது. நடந்த தூரம் என்று பார்த்தால், வாசலில் இருந்து வானுக்கு, வானில் இருந்து வகுப்புக்கு. அவ்வளவுதான். பதினேழு வயதில் படியேறி மேல் மாடி வகுப்புக்குப் போய்ச் சேரும்போது மூச்சு வாங்குகிறது என்றால், அதைப் படிப்பின் அடையாளம் என்று பெருமைப்பட முடியுமா?

ஆனால் இதை எழுதத் தூண்டியது என் மூச்சு வாங்கல் அல்ல. போன வருடம் உம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். வயது 42. கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன். வைத்தியர் மாத்திரை எழுதிவிட்டு, "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கணும்" என்றார். உம்மா, "நேரம் எங்க டொக்டர்?" என்று கேட்டார். வைத்தியர் சிரித்துவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது நான் யோசித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு நேரம் என்று வைத்தியர் சொன்னார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுபஹுக்கு எழும்பி, இடியப்பம் அவித்து, தம்பியை வெளிக்கிடுத்தி, வாப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, பகல் சமையலை இறக்கி, பிறகு தையல் மெஷினில் குந்தி, மஃரிபுக்குப் பின் திரும்பவும் அடுப்படிக்குப் போகும் ஒரு பெண், அந்த அரை மணித்தியாலத்தை எந்த இரண்டு வேலைகளுக்கு நடுவில் செருகுவது? "நேரமில்லை" என்பது சாட்டு அல்ல. இடம் ஒதுக்கப்படாத எந்தக் காரியத்துக்கும் நேரம் இருப்பதில்லை. எனக்கும் அதே கதைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்னும் இருபத்தைந்து வருடம் போனால் அந்தக் கிளினிக் வாங்கில் இலக்கத் துண்டோடு இருக்கப்போவது நான்.

அன்று இரவே எனக்கு ஒரு வீராப்பு வந்தது. மாமி மகள் முன்பு அனுப்பியிருந்த ஒரு வீடியோவைத் தேடி எடுத்தேன். முப்பது நாள் சவால். ஒரு நாள் விட்டாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் சட்டம். படிப்பு முடிந்து இரவு பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். துள்ளல், குந்தி எழும்புதல், தரையில் கை ஊன்றி நிற்றல் என்று ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். இரவுச் சோற்றையும் விட்டேன். இரண்டாம் நாள் தொடை வலித்தது. மூன்றாம் நாள் இன்னும் வலித்தது. வலிக்கிறதென்றால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு அதே துள்ளலை அதே கால்களால் திரும்பத் திரும்பச் செய்தேன்.

ஒன்பதாம் நாள் பாடசாலைப் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. அன்றைக்கு இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் நியமிப்புப் பரிசோதனை. பினோத்தலின் போட்ட குடுவை இளஞ்சிவப்பாகி, பிறகு நாவல்பழச் சாறு மாதிரியே ஆகிவிட்டது. நான் கண்ணைத் திறந்துகொண்டு, பியூரெட்டின் குழாயையும் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். முடிவுப்புள்ளி எப்போதோ தாண்டிப் போயிருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இரவு எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் நாள் விட்டுவிட்டேன். "நான் சொன்னேன்தானே, படிக்கிற காலத்துல இதெல்லாம் சரிவராது" என்றார் உம்மா. நானும் அதை நம்பினேன். பிறகு மூன்று மாதம் ஒரு அசைவும் இல்லை. ஒன்பது நாள் கூடச் செய்ததற்கு நான் கொடுத்த விலை அந்த மூன்று மாதம்.

எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் உடற்பயிற்சியை விட்டது சோம்பலால் அல்ல, இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் இருப்போம், பிறகு ஒரு வேகம் வந்து எல்லாவற்றையும் ஒரே இரவில் செய்வோம், உடம்பு மறுக்கும், "எனக்குச் சரிவராது" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். பிழை உடம்பில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு முழு அலகையும் படிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பு மட்டும் அப்படிப் படித்துவிடும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

உயிரியல் படிக்கிற பிள்ளையாக இருந்தும் நான் யோசிக்காமல் விட்ட விடயம் இது. பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் அதன் நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படும். வலி உடனே வராது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். தசை பலமாவது நாங்கள் துள்ளும்போது அல்ல, அதன் பிறகு, சாப்பிட்ட புரதத்தையும் தூங்கிய நேரத்தையும் கொண்டு உடம்பு அந்தச் சேதத்தைத் திருத்தும்போதுதான். அதனால் ஒரே தசைக்குக் கடுமையான வேலை கொடுத்தால் அடுத்த முறைக்கு ஏறக்குறைய 48 மணித்தியாலம் விட வேண்டும் என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்கிறார்கள். நானோ பூசிய சுவர் காய முன்பே அதன்மேல் மறுபடி மறுபடி பூசியிருக்கிறேன். எங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை. அந்த ஒன்பது நாளும் நான் தூங்கியது ஐந்தரை. சோறும் இல்லை. திருத்த வேலைக்கு ஆளும் இல்லை, சாமானும் இல்லை.

ஓய்வு என்பது செய்யாமல் விட்ட நாள் அல்ல, பயிற்சியின் ஒரு பகுதி என்று எனக்கு விளங்கவைத்தவர் ஒரு மருத்துவ மாணவர். ரொஜர் பெனிஸ்டர். 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடியவர். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைலை ஓடிய முதல் மனிதர். அந்தச் சாதனை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வியப்பாக இருந்தது வேறு. அவர் அப்போது லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். முழுநாளும் மைதானத்தில் கிடக்க அவருக்கு வழி இல்லை. பகல் இடைவேளையில் கிடைத்த கொஞ்ச நேரத்துக்குள்தான் பயிற்சி. கால் மைலைப் பத்துத் தடவை, நடுவில் இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஓடுவார். அந்த வருட வசந்தத்தில் ஒவ்வொரு கால் மைலும் 61 செக்கனிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதற்குக் கீழே போகவில்லை. அவர் என்ன செய்தார்? பயிற்சியைக் கூட்டவில்லை. நண்பரோடு ஸ்கொட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59. சாதனை ஓட்டத்துக்கு முந்திய நாட்களிலும் ஓடாமல் முழு ஓய்வு எடுத்தார். மலையேறுவதும் ஓர் ஓய்வா என்று கேட்கலாம். ஓட்டத்தில் இருந்து அது ஓய்வுதானே.

இதே ஆள் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவர். எதிர்பாராமல் ஓர் அரையிறுதிச் சுற்றைச் சேர்த்ததால் அடுத்தடுத்து மூன்று நாள் ஓட வேண்டியதாயிற்று. அவருடைய பயிற்சி அதற்கு ஏற்றதாக இருக்கவில்லை. உலகத்தில் மிக வேகமாக ஓடக்கூடிய ஒருவருக்கே இடையில் ஒரு நாள் இல்லாதது இவ்வளவு செய்தால், இரவு பத்து மணிக்குச் சோறில்லாமல் துள்ளிய எனக்கு என்ன நடந்திருக்கும்!

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. "வெறும் 4 நிமிடம் போதும்" என்று போனில் சுற்றுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ஜப்பானியப் பேராசிரியர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது. 20 செக்கன் முழுமூச்சாக வேலை, 10 செக்கன் ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தம் நான்கு நிமிடம். ஆனால் வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது என்னவென்றால், அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் ஏற்கெனவே விளையாட்டுப் பழக்கமுள்ள இளைஞர்கள். சைக்கிளில், இனி மிதிக்கவே முடியாது என்ற நிலைவரை மிதித்தார்கள். அதற்கு முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கினார்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணித்தியாலம் சீராகவும் மிதித்தார்கள். வரவேற்பறையில் நின்று நான்கு நிமிடம் கையை ஆட்டுவதும் அதுவும் ஒன்றல்ல. கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு நிமிடமும் ஒன்றுமில்லாததைவிட மேல்தான். பொய் சொல்லி விற்காமல் இருந்தால் சரி.

அப்படியானால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டலில் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் என்று இருக்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்துகிற பயிற்சி இருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர வேகத்தில், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. உம்மாவின் வைத்தியர் சொன்ன அரை மணித்தியாலத்தை வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும். நடுத்தர வேகம் என்றால் என்ன என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

60 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வழிகாட்டலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. முன்பு வளர்ந்தவர்களுக்கு, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் படியேறினாலும் அது கணக்குத்தான்.

இந்த இடத்தில் என் உம்மம்மாவின் குரல் கேட்கிறது. "கூட்டி, மாவிடிச்சு, தண்ணி அள்ளினா அதுவே போதும், இப்பத்திய பிள்ளைகளுக்குத்தான் பாயில படுத்து எக்சசைஸ்" என்பார். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது தோளுக்கும் முதுகுக்கும் நல்ல வேலை. உரலில் மா இடிப்பதும் அப்படியே. ஆனால் இன்றைக்கு எங்கள் வீட்டில் கிணற்றில் மோட்டர் இருக்கிறது, மா பக்கெட்டில் வருகிறது, துணியை மெஷின் துவைக்கிறது. மிஞ்சியிருக்கிற வீட்டு வேலை பெரும்பாலும் நின்றபடி செய்கிற வேலை: அடுப்படியில் நிற்பது, சட்டி கழுவ நிற்பது. கால் உளைகிறது, களைப்பு வருகிறது, மூச்சு ஏறுவதில்லை. களைப்பையும் பயிற்சியையும் நாங்கள் ஒன்றாக நினைக்கிறோம். நாள் முழுக்க வேலை செய்த உம்மாவுக்கு எப்படிச் சீனி வந்தது என்று வாப்பா கேட்டதற்குப் பதிலில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். முழுப் பதிலும் இதுவல்ல. எங்கள் குடும்பத்தில் அந்த வருத்தம் முன்பே உண்டு.

சரி, எப்போது? மனித உடம்பின் வெப்பநிலை விடியற்காலையில் குறைந்தும் பின்னேரத்தில் கூடியும் இருக்கும். அதனால் பலமும் வேகமும் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் நன்றாக வெளிப்படும். நூல் கணக்குப்படி எனக்குச் சிறந்த நேரம் அஸருக்குப் பிறகு. அந்த நேரத்தில் நான் டியூட்டரியில் எண்பது பேருக்கு நடுவில் பௌதிகவியல் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். இரவு வைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேன். படுக்கைக்குப் போகுமுன் கடுமையாகத் துள்ளினால் தூக்கமும் தள்ளிப்போகும். ஆக, கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம். எங்கள் வீட்டில் அது சுபஹ் தொழுகைக்குப் பிறகு, 5.30 முதல் 5.55 வரை. வாப்பா பள்ளிவாசலில் இருந்து வந்து பத்திரிகை தேடுகிற நேரம். தம்பி எழும்பாத நேரம். உடம்பு காலையில் இறுகி இருக்கும் என்பதால் முதல் ஐந்து நிமிடம் அதைத் தளர்த்துவதற்கு மட்டும்.

மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு இம்முறை 12 நிமிடத்தில் தொடங்கினேன். வெட்கமாக இருந்தது. இரண்டு வாரம் அதற்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பிறகு 18. பிறகு 25. திங்கள், புதன், சனி தசைப் பயிற்சி: குந்தி எழும்புதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் (இப்போது சுவரில் இருந்து கட்டிலுக்கு இறங்கியிருக்கிறேன்), மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், புத்தகப் பையைத் தூக்கி இறக்குதல். உயர்தர உயிரியல் பிள்ளையின் புத்தகப் பையைவிட நல்ல இரும்பு கடையில் இல்லை. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் போனைத் தொடக் கூடாது. தொட்டால் அது ஏழு நிமிடமாகும். இடையில் வருகிற நாட்களில் மேல் சிலெப்பில் வேக நடை. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. மாதத்தில் உடம்பு முடியாத நாட்களில் வெறும் நடை, அதுவும் முடிந்தால். தவணைப் பரீட்சை வாரத்தில் பாதியாகக் குறைப்பேன், நிறுத்த மாட்டேன். பலத்தைக் கூட்ட வேண்டிய அளவைவிட, கூட்டியதைக் காப்பதற்கு வேண்டிய அளவு குறைவு. பரீட்சைக் காலத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

இதோடு வானுக்கு நடப்பது, படியேறுவது, பின்னேரம் தம்பியோடு ஐந்து நிமிடம் பந்தடிப்பது எல்லாம் சேர்ந்தாலும் நான் 60 நிமிடத்தைத் தொடுவது அபூர்வம். 40, 45 வரும். பொய்க் கணக்கு எழுத விரும்பவில்லை.

நோன்பு மாதத்தில் இந்த அட்டவணை அப்படியே சரிவராது. எங்கள் நாட்டில் நோன்பு ஏறக்குறைய 13½ மணித்தியாலம். ஸஹரும் சுபஹும் முடிந்த கையோடு வேர்க்க வேர்க்கச் செய்தால் அந்தத் தாகத்தோடு நாள் முழுக்க இருக்க வேண்டும். நான் போன நோன்பில் தசைப் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாக்கி, கஞ்சி குடித்து இளைப்பாறிய பிறகு 15 நிமிடம் செய்தேன். மற்ற நாட்களில் இப்தாருக்கு அரை மணித்தியாலம் முன்பு மெதுவாக நடந்தேன். களைத்தாலும் தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது என்ற தைரியம். தராவீஹ் தொழுகையிலும் உடம்புக்கு நல்ல அசைவு கிடைக்கிறது, ஆனால் அதை நான் பயிற்சிக் கணக்கில் எழுதவில்லை. அது வேறு கணக்கு.

உம்மாவுக்கு நேரம் கண்டுபிடித்ததுதான் கடினமாக இருந்தது. அரை மணித்தியாலம் ஒன்றாகக் கிடைக்கவே இல்லை. அதனால் உடைத்தோம். தசை அசையும்போது இன்சுலினின் உதவி இல்லாமலும் இரத்தத்தில் இருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் நடந்தால் சீனி ஏறுவது குறையும் என்பதற்குக் காரணம் இது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னோடு ஒழுங்கையில் இருபது நிமிடம். எங்கள் கேற்றில் இருந்து மின்மாற்றித் தூண் வரை 220 அடி வைப்பேன், உம்மா 260. முதல் வாரம் பார்க்கிறவர்கள் எல்லாம், "எங்க ராத்தா இந்த நேரத்துல, யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்டார்கள். ஒரு பெண் காரணமில்லாமல் நடந்தால் யாரோ வருத்தம் என்றுதான் நினைக்கிறார்கள். மூன்றாம் வாரம் எதிர்வீட்டு மாமியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் உம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரையாலா நடையாலா என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது என்பது ஆய்வுகூடப் பாடம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் காலையில் பாய் விரித்தால், "மெலியப் போறியா?" என்று கேட்கிறீர்கள். மெலிந்தால், "பிள்ளை கறுத்து மெலிஞ்சிட்டா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வாங்க?" என்கிறீர்கள். கொஞ்சம் பருத்தாலும் அதே மாப்பிள்ளை வீட்டார்தான் வருகிறார்கள். எங்கள் எலும்பின் பலத்தில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது; அந்தச் சேமிப்பு எங்களுக்கு வேண்டும், அறுபது வயதிலும் வேண்டும். நிறையைக் காட்டும் தராசு அதைக் காட்டாது. அதனால் அந்த 25 நிமிடத்தை எங்களுக்குத் தாருங்கள். அந்த நேரத்தில் "சும்மாதானே நிற்கிற, அந்தத் தேத்தண்ணியைப் போடு" என்று சொல்லாதீர்கள். தேத்தண்ணி 5.56க்கு வரும். தம்பி பந்தடிக்கப் போகும்போது யாரும் அவனிடம் காரணம் கேட்பதில்லை. மார்க்கத்தைக் காட்டி இதைத் தடுக்கிறவர்களுக்கு, நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததையும், ஒருமுறை ஆயிஷா (ரழி) அவர்களே வென்றதையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.

பாடசாலையிடமும் ஒன்று கேட்கலாம். மைதானம் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், முதற்பாடத்துக்கு முன் இருபது நிமிடம், ஏ.எல். பிள்ளைகளுக்குப் பிரதான மண்டபம். கதிரைகளை நாங்களே ஒதுக்குவோம், நாங்களே அடுக்குவோம். யன்னல் மூடியிருக்கும், வேற்று ஆட்கள் வரமாட்டார்கள், உடை பற்றிய கவலையும் இல்லை. பெறுபேறு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு தவணைக்குப் பரீட்சித்துப் பார்க்கட்டும். 11½ மணித்தியாலம் இருக்கிற பிள்ளை 11 மணித்தியாலம் இருந்தால் எந்த அலகு முடியாமல் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. நேரசூசியில் பீ.ரீ.யைத் தேடிய தோழி இதற்கு ஒரு விண்ணப்பமே எழுதி வைத்திருக்கிறாள். இதுவரை 31 பேர் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். அன்று சிரித்தவர்கள்தான்.

இதை எழுதும்போது மாரி தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டு மாமி வருவதில்லை. நேற்றிரவு உம்மாவும் நானும் வீட்டுக்குள்ளேயே வரவேற்பறையில் இருந்து அடுப்படிக்கும் அடுப்படியில் இருந்து வரவேற்பறைக்குமாக நடந்தோம். தம்பி கட்டிலில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தான். ஆறாவது நிமிடம் உம்மா அடுப்படிக்குள் போனார், கறி அடிப்பிடிக்கிறது என்று. திரும்பி வரவில்லை. இன்றைக்குக் கறியை முதலே இறக்கிவைத்துவிட்டு நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.